புள்ளி

போத்தலை மரியசீலன் கொண்டுவந்தான்,
கப்பலில் இரண்டாம் எஞ்சினியர்.
லீவில் வருகிற மற்றவர்கள் சொக்லேற்றோடு வருவார்கள்.
"மூக்கு உள்ளவன் நீதான், குடிச்சிட்டு எழுதித் தா" என்றான்.
சீனன்குடா மா ஆலையில் பதினெட்டு வருடம்
கோதுமையை மோந்தே தரம் பிரிக்கிறவன் நான்.
ஆனால் இது பார்லி. பார்லியை எனக்குக்
காய்ச்சல்காரரின் கஞ்சியாகத்தான் பழக்கம்.

டச்சுக்குடாவைப் பார்த்த அவன் மொட்டைமாடி.
கச்சான் பகல் முழுக்க அடித்து ஓய்ந்திருந்தது.
ஜாம் கிளாஸ் மூன்று.
மூன்றாவதில் இல்யாஸுக்குப் பிளேன்ரீ.

நிறம்:
கரண்ட் இல்லை. போன் வெளிச்சத்தில்
நல்லெண்ணெய்க்கும் தேனுக்கும் நடுவில் எங்கோ.
இந்த வரியை நம்பவேண்டாம்.

மணம்:
முதலில் மூக்கில் ஒரு குத்து, அவ்வளவுதான்.
பொறுத்தால்
வறுத்த அரிசிமா ஆறுகிற சுளகு.
பிறகு புகை. விறகுப் புகை இல்லை;
ஈரமான எதையோ எரித்தே தீருவேன் என்று
யாரோ பிடிவாதம் பிடித்த புகை.

"கிட்டக் கொண்டா" என்றான் இல்யாஸ்.
குடிக்காதவன். வள்ளத்து எஞ்சின் திருத்துகிறவன்.
கண்ணை மூடி ஒருதரம் இழுத்தான்.
"மழை விட்டு வாடியைத் திறக்கேக்க
உள்ளே வலை கிடந்த மணம்.
தாரும் கொஞ்சம். மூலையில ஒருத்தன்
தோடம்பழம் உரிச்சுப் போட்டிருக்கிறான்."
நான் எழுதியதை வெட்டிவிட்டு
அவன் சொன்னதை எழுதினேன்.

பெட்டியில் அச்சடித்த கதையை மரியசீலன் வாசித்தான்.
கடலோரத்து வடிசாலை. எண்பத்துமூன்றில் மூடியது.
அந்த எண்ணில் அவன் குரல்
ஒரு படி தவறி இறங்கியது.
இல்யாஸ் தேத்தண்ணியைக் கலக்கினான், சீனி போடாத தேத்தண்ணியை.
அங்கே மூடியதற்குக் காரணம்
விற்காமல் தேங்கிய பீப்பாய்கள்.
வெறும் கணக்கு. ஒருவரும் ஓடவில்லை.

முப்பத்துநான்கு வருடம் கழித்துத் திறந்தார்களாம்.
செப்புக் கொதிகலனைப் புதிதாய் அடித்தபோது
பழைய படத்தைப் பார்த்துப்
பழைய நெளிவையும் அதே இடத்தில் அடித்தார்களாம்,
சுவை மாறக்கூடாதென்று.
"நெளிவையுமா?" என்றான் இல்யாஸ்.
நெளிவு எடுத்துத்தான் அவனுக்குச் சோறு.
வாசித்து முடிந்த பெட்டி கீழே முற்றத்துக்குப் போனது.

சுவை:
தேனாய் ஏறி மிளகாய் இறங்கியது.
நடுநாக்கில் உப்பு. உப்புக்குப் பின்னால்
கருகிய பனங்கட்டி.
மூன்று துளி தண்ணீர் விடவேண்டுமாம்.
குழாயில் குளோரின் என்று
என் வீட்டுக் கிணற்றுநீர் கொண்டுபோயிருந்தேன்.
உப்புவெளிக் கிணறு ஊர்ப்பெயருக்குத் துரோகம் செய்யாது.
எட்டு வயதுச் சரக்குக்கு
அது இரண்டு வயது கூட்டியது.

முடிவு:
நீளம். போய்வாறன் என்று சொல்லிவிட்டுக்
கேற்றடியில் நின்று கதைக்கிற விருந்தாளி.
குறையும் எழுதவேண்டும்:
புகை எல்லாருக்கும் முன்னால் நிற்க ஆசைப்படுகிறது.
பழைய பெயரைச் சுமக்கிற அவசரம்
தொண்டையில் தட்டுகிறது.

"பழையது மாதிரியே இருக்கோ?"
பழையதை நாங்கள் எங்கே கண்டோம், சீலன்.
அது மூடியபோது எனக்கு ஏழு வயது.
மட்டிக்களியிலிருந்து லொறியில் ஏற்றினார்கள்.
அதன் மணம் கேள், இப்போதே எழுதித் தருகிறேன்:
டீசல், ஈரச்சாக்கு,
யாரோ மடியில் பொத்திவைத்த பாண்.
அதற்குப் புள்ளி போடச் சொல்லி
இதுவரை ஒருவரும் கேட்கவில்லை.

இதை நான் சொல்லவில்லை.
"தெரியாது" என்று மட்டும் சொன்னேன்.

இறங்கி வந்தால்
கோட்டைப் பக்கமிருந்து வந்த மான் ஒன்று
முற்றத்தில் நின்று பெட்டியை மென்றுகொண்டிருந்தது.
தொடங்கிய ஆண்டு வயிற்றுக்குள்.
மூடிய ஆண்டு உதட்டில் தொங்கியது.
தகர அடி மட்டும் மண்ணில்.

"எத்தினை புள்ளியடா?"
மேலேயிருந்து மரியசீலன்.

இல்யாஸ் ரோச்சை அதன் முதுகில் அடித்தான்.
"நில்லு, எண்ணுறன்."